பி16ஏ எஞ்சின் மாத்துன ஈஜி சிவிக்: பெயிண்டுக்கு அடியில இருந்த கோளாறு

போன வருஷம் ஒரு தம்பி கிள்ளான்ல என்கிட்ட ஒரு காடி கொண்டு வந்தாப்புல, 1994 ஹோண்டா சிவிக் ஈஜி (ஈஜின்னா அந்தத் தலைமுறை சிவிக்கோட மாடல் கோடு), நாலு கதவு. உள்ள இருந்த பழைய சிங்கிள் கேம் டி சீரீஸ் எஞ்சினை எடுத்துட்டு ஆஃப்கட் கடையில (பழைய காடியை வெட்டி எஞ்சின் விக்கிற கடை) இருந்து ஹோண்டாவோட 1.6 லிட்டர் ட்வின் கேம் பி16ஏ எஞ்சினும் கியர்பாக்ஸும் வாங்கி ஒரு ஒர்க்‌ஷாப்ல போட்டிருக்காங்க. எஞ்சின் ரூம் முழுக்க வெள்ளை பெயிண்டு, பிராக்கெட் எல்லாம் கருப்பு பெயிண்டு, வயரிங்க எல்லாம் மறைச்சு கட்டி, பார்க்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. ஆனா மூணு மாசமா அந்தக் காடி ஒழுங்கா ஓடல. எனக்கு முன்னாடி மூணு இடத்துல காட்டிட்டு வந்திருக்காப்புல, அதுல ஆல்டர்னேட்டர் ஒன்னு, பேட்டரி ஒன்னு, டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்னு மாத்தியாச்சு, காசு 1,400 வெள்ளிக்கு மேல போயிடுச்சு, கோளாறு மட்டும் அப்படியே இருக்கு.

இதை முழுசா எழுதணும்னு நினைச்சதுக்கு காரணம், எஞ்சின் மாத்துன காடிங்க எனக்கு வருஷத்துக்கு நிறைய வருது, முக்காவாசி இதே கதைதான். எல்லாரும் எஞ்சினை சந்தேகப்படுறாங்க, ஆஃப்கட்காரன் கெட்ட எஞ்சின கொடுத்துட்டான்னு சண்டைக்குப் போறாங்க. ஆனா மாத்தும்போது கை வச்ச இடங்கள், அதாவது கழட்டி மாட்டுன எர்த் (கரண்டு பேட்டரி நெகட்டிவ்க்குத் திரும்புற வழி), புதுசா ஜாயிண்ட் போட்ட வயர், காத்து அடைச்சுக்கிட்ட தண்ணி லைன், இதெல்லாம்தான் பெரும்பாலும் வில்லன். இந்தக் காடியில ஒரே நேரத்துல அஞ்சாறு கோளாறு ஒன்னு மேல ஒன்னு உக்காந்திருந்துச்சு, அதனாலதான் மூணு பேரு பார்த்தும் பிடிபடல.

தம்பி சொன்ன கம்ப்ளைண்டை அப்படியே ஒரு தாள்ல எழுதிக்கிட்டேன். சூடா இருக்கும்போது ஸ்டார்ட்டர் மெதுவா சுத்துது. ராத்திரி ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, லைட்டை அணைச்சா இறங்குது. ஆக்சிலேட்டர் பெடல் நாளாக நாளாக டைட்டாகுது. சும்மா நிக்கும்போது எஞ்சின் 1,000 ஆர்பிஎம்முக்கும் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு கணக்கு) 2,000க்கும் நடுவுல ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சு வாங்குற மாதிரி ஓடுது. விடெக் (ஆர்பிஎம் ஏறுனா வால்வைக் கூடுதலா திறந்து பவர் கொடுக்குற ஹோண்டா சிஸ்டம்) அடிக்கவே மாட்டேங்குது, செக் எஞ்சின் லைட்டு எரியுது. அப்புறம் மத்தியானம் வெயில்ல நிப்பாட்டிட்டு வந்தா ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் கதவைத் திறந்து வச்சா தானா ஸ்டார்ட் ஆயிடும்.

"அண்ணே, இதுல எது முதல்ல பார்க்கணும்?"ன்னு கேட்டாப்புல. "ஸ்டார்ட் ஆகாதது முதல்ல பாருங்கண்ணே, நேத்து பத்துமலை கார் பார்க்குல குடும்பத்தோட ஒரு மணி நேரம் நின்னுட்டேன்"னு வேற. நான் சொன்னது, லைட்டு போட்டா டெம்பரேச்சர் முள்ளு ஏறுதுன்னு நீ சொன்னியே அதுதான் முதல்ல. ஏன்னா தண்ணி சூட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது ரெண்டும் சேர்ந்து ஆடுதுன்னா எர்த் கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம், எர்த் சரியில்லாத காடியில வேற எதை அளந்தாலும் அந்த அளவை நம்ப முடியாது.

முதல்ல மல்டிமீட்டர். பேட்டரி நிக்கும்போது 12.6 வோல்ட், நல்ல பேட்டரி. இப்ப மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துலயே வச்சேன், கிளாம்புல இல்ல, ஈயக் கம்பத்துல. இன்னொரு முனை எஞ்சின் பிளாக்குல பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாம சும்மா சுத்தணும்னு, இசியுவுக்கு (எஞ்சினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போற இன்ஜெக்‌ஷன் ஃபியூஸை எடுத்துட்டு தம்பியை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். மீட்டர் 1.8 வோல்ட் காட்டுச்சு. நல்ல காடியில இது 0.2, ரொம்ப போனா 0.3 இருக்கும். 1.8ன்னா ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய வோல்ட்டுல கிட்டத்தட்ட ரெண்டு வோல்ட்டு எர்த் பாதையிலேயே செத்துப் போகுது. புது பேட்டரி போட்டும் மெதுவா சுத்துனதுக்கு இதுதான் காரணம், பேட்டரி பாவம் என்ன செய்யும்.

இங்க ஒன்னு சொல்லணும். முன்னாடி பார்த்த இடத்துலயும் எர்த் செக் பண்ணியிருக்காங்க, ஆனா எஞ்சின் ஓடாம நிக்கும்போது ஓம்ஸ்ல வச்சு பார்த்து "கண்டினியூட்டி இருக்கு, எர்த் ஓகே"ன்னு விட்டிருக்காங்க. மீட்டர் அனுப்புற கரண்டு ரொம்ப ரொம்ப சின்னது, ஒரு கம்பி இழை மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் பீப் அடிக்கும். ஸ்டார்ட்டர் இழுக்குறது 100 ஆம்ஸ்க்கு மேல. அந்த ஒத்தை இழை அதைத் தாங்குமா? அதனால எர்த்தை எப்பவும் லோடு ஓடும்போது வோல்ட்டுல அளக்கணும், நிக்கும்போது ஓம்ஸ்ல அளந்தா அது பொய் சொல்லும்.

எர்த் கேபிள் எங்க போகுதுன்னு கையால தடவிக்கிட்டே போனேன். இந்த சிவிக்ல பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கு ஒன்னு, கியர்பாக்ஸுக்கு ஒன்னு போகும், அது போக எஞ்சின் தலையில (மேல இருக்குற சிலிண்டர் ஹெட்) இருந்து பாடிக்கு ஒரு சின்ன எர்த் வயர் இருக்கும். கியர்பாக்ஸ்ல எர்த் மாட்டுற பிராக்கெட்டை கழட்டி அழகா கருப்பு பெயிண்டு அடிச்சு, அது மேலயே கேபிள் ரிங்கை வச்சு போல்ட் போட்டிருக்காங்க. போல்ட் மரையில மட்டும் லேசா இரும்பும் இரும்பும் தொடுது, மத்த இடமெல்லாம் பெயிண்டு. பாடி பக்கத்துலயும் அப்படியே, வெள்ளை பெயிண்டு மேல ரிங்கு. தலையில இருந்து பாடிக்குப் போற சின்ன எர்த் வயர் மாட்டவே இல்ல, எஞ்சின் ரூம் சுத்தமா தெரியணும்னு எடுத்துட்டாங்கன்னு தம்பி சொன்னாப்புல.

இப்ப அந்த டெம்பரேச்சர் முள்ளு ஏன் ஆடுச்சுன்னு பாருங்க, இது எனக்கு எப்பவும் பிடிச்ச விஷயம். முள்ளுக்கு சிக்னல் கொடுக்குற சென்சாருக்கு ஒரே ஒரு வயர்தான், அதோட எர்த் எஞ்சின் உடம்புதான். எஞ்சின் ஓடும்போது லைட்டுக்குப் போற கரண்டு ஆல்டர்னேட்டர்ல இருந்து வருது, லைட்டைத் தாண்டி பாடிக்கு வந்து, பாடியில இருந்து எஞ்சினுக்குத் திரும்பி ஆல்டர்னேட்டர் உடம்புக்கு வந்து சேரணும். பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல எர்த் கெட்டுப்போனா அந்த இடத்துல வோல்ட் விழுது, எஞ்சின் பாடியை விட அரை வோல்ட்டு கீழ போயிடுது. நான் அளந்தப்போ லைட்டும் புளோவரும் போட்டு 0.5 வந்துச்சு. எஞ்சின் கீழ போனா சென்சார் வழியா கரண்டு கூட ஓடும், முள்ளுக்கு அது "தண்ணி சூடாயிடுச்சு"ன்னு தெரியும். தண்ணி அப்படியேதான் இருக்கு. இதைப் பார்த்துட்டு ஒரு இடத்துல ரேடியேட்டர் மாத்தச் சொல்லியிருக்காங்க, நல்லவேளை தம்பி மாத்தல.

ஆக்சிலேட்டர் டைட்டாகுறதும் இதே குடும்பம்தான். கரண்டுக்கு ஒழுங்கான வழி இல்லன்னா கிடைச்ச வழியில போகும். இந்தக் காடியில கிளட்ச் ஹைட்ராலிக், கிளட்ச் கேபிள் கிடையாது, அதனால எஞ்சினையும் பாடியையும் இணைக்குற இரும்புன்னா ஆக்சிலேட்டர் கேபிள்தான். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது அந்தக் கம்பி வழியாவும் கரண்டு ஓடி சூடாகி உள்ள இருக்குற பிளாஸ்டிக் உறை இளகி கம்பியோட ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. கேபிளை கழட்டிப் பார்த்தா ஒரு இடத்துல உறை உருகுன தடம் நல்லா தெரிஞ்சுது. இது பயங்கரமான விஷயம், பெடல் மிதிச்ச இடத்துலயே மாட்டிக்கிட்டா ஃபெடரல் ஹைவேயில என்ன ஆகும்னு நினைச்சே பார்க்க முடியல. கேபிள் புதுசு போட்டேன், இதுல பேச்சுக்கே இடமில்ல.

வேலை பெருசா ஒன்னும் இல்ல. ரிங்கு உக்கார்ற இடத்துல பெயிண்டை சுரண்டி பளபளன்னு இரும்பு தெரிய வச்சு, கியர்பாக்ஸுக்கு 25 ஸ்குயர் எம்எம் கேபிள் புதுசா அடிச்சு, தலையில இருந்து பாடிக்கு ஒரு எர்த் வயர் போட்டு, மாட்டி முடிச்சதுக்கு அப்புறம் மேல கிரீஸ் தடவினேன் துருப் பிடிக்காம இருக்க. மறுபடியும் ஸ்டார்ட்டர் அடிச்சு அளந்தா 0.12 வோல்ட். ஸ்டார்ட்டர் சத்தமே மாறிடுச்சு. லைட்டு போட்டாலும் டெம்பரேச்சர் முள்ளு ஆடல.

எர்த்னு வந்துட்டா இன்னொரு இடத்தையும் சொல்லிடணும். இந்த வயசு சிவிக், இன்டெக்ராவுல இசியுவோட எர்த் வயரெல்லாம் ஒன்னா சேர்ந்து தெர்மோஸ்டாட் அவுசிங்ல ஒரு போல்ட்டுல வந்து முடியும். எஞ்சின் மாத்துறவங்க மறக்குற முதல் போல்ட்டு அதுதான். அது மாட்டலன்னா சாவி போட்டா செக் எஞ்சின் லைட்டு எரியாது, பெட்ரோல் பம்ப் சத்தம் வராது, ஸ்டார்ட்டர் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். இந்தக் காடியில மாட்டியிருந்தாங்க, ஆனா லூசு. டைட் பண்ணிட்டேன்.

அடுத்தது ஆல்டர்னேட்டர். இது கொஞ்சம் வருத்தமான கதை, ஏன்னா தம்பி மாத்துன பழைய ஆல்டர்னேட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. ஒரு இடத்துல எஞ்சின் சும்மா ஓடும்போது பேட்டரியில மீட்டர் வச்சிருக்காங்க, 12.6 காட்டியிருக்கு, சார்ஜ் ஆகலன்னு சொல்லி மாத்திட்டாங்க. புதுசு போட்டு அளந்தாலும் அதே 12.6, அப்ப இதுவும் கெட்டதுன்னு இன்னொன்னு மாத்தப் பார்த்திருக்காங்க. அந்த காலத்து ஹோண்டாவுல ஃபியூஸ் பாக்ஸ்ல ஒரு லோடு சென்சார் இருக்கு, எவ்வளவு கரண்டு செலவாகுதுன்னு இசியுவுக்கு அது சொல்லும். லைட்டு, புளோவர், ஏர்கான் ஒன்னும் போடலன்னா எஞ்சினுக்கு சுமை குறையட்டும்னு இசியு ஆல்டர்னேட்டரை 12.4ல இருந்து 12.9க்குள்ள இறக்கி வச்சுடும். அது கோளாறு கிடையாது. ஹெட்லைட்டும் புளோவரும் போட்டுட்டு அளக்கணும், அப்ப 14.4 பக்கம் எகிறணும்.

நான் லைட்டு போட்டு அளந்தேன், ஆல்டர்னேட்டர் கம்பத்துல 14.4, பேட்டரியில 13.8. எர்த் பக்கம் ஏற்கனவே சரி, அப்ப அந்த 0.6 வோல்ட் பாசிட்டிவ் பக்கத்துல எங்கயோ விழுது. ஒவ்வொரு ஜாயிண்டா மீட்டரை வச்சுக்கிட்டே போனா ஃபியூஸ் பாக்ஸ்ல மெயின் ஃபியூஸ் போல்ட்டு லூசு, அந்த இடத்துல பிளாஸ்டிக் லேசா பழுப்பாகி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உருகியிருக்கும். சுத்தம் பண்ணி டைட் பண்ணதும் வித்தியாசம் 0.1க்கு வந்துடுச்சு. பேட்டரி லைட்டு ராத்திரியில மங்கலா எரிஞ்சுக்கிட்டு இருந்ததும் அதோட நின்னுச்சு, தம்பி அதை கம்ப்ளைண்ட்லயே சொல்லல, பழகிப்போச்சு போல.

இப்ப ஏறி இறங்குற ஐடிலுக்கு, அதாவது சும்மா நிக்கும்போது எஞ்சின் ஓடுற வேகத்துக்கு வருவோம். இதுல நிறைய பேரு ஐடில் வால்வை கழட்டி கழுவுவாங்க, திராட்டில் ஸ்க்ரூவைத் திருகுவாங்க. தயவுசெஞ்சு முதல்ல அந்த ஸ்க்ரூவுல கை வைக்காதீங்க. எஞ்சின் மாத்துனா ரேடியேட்டர் தண்ணி முழுக்க வடிஞ்சு புதுசா ஊத்துறோம், உள்ள காத்து மாட்டிக்கும். பி16ஏல காத்து உள்ள போற வாயான திராட்டில் பாடிக்கு அடியில ஒரு ஃபாஸ்ட் ஐடில் வால்வு இருக்கு, உள்ள மெழுகு மாதிரி ஒரு பொருள், தண்ணி சூடானா அது விரிஞ்சு வால்வை மூடும். அதுக்குத் தண்ணி போகாம காத்து நின்னுச்சுன்னா எஞ்சின் சூடானாலும் அது தனக்கு இன்னும் குளிர்னு நினைச்சு திறந்தே இருக்கும், கூடுதலா காத்து உள்ள போகும், ஆர்பிஎம் ஏறும். கால் பெடல்ல இல்லாம ஆர்பிஎம் இவ்வளவு ஏறுனா காடி இறக்கத்துல இறங்குதுன்னு இசியு நினைச்சு பெட்ரோலை நிறுத்திடும். ஆர்பிஎம் விழும், மறுபடியும் பெட்ரோல் விடும், மறுபடியும் ஏறும். அந்த மூச்சு வாங்குற சத்தம் இதுதான்.

சூடான எஞ்சின்ல திராட்டில் வாய்க்குள்ள விரலை விட்டு கீழ இருக்குற ஓட்டையை அடைச்சுப் பார்த்தேன், ஆர்பிஎம் உடனே விழுந்துச்சு, அப்ப அந்த வால்வுதான். காடியோட முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஹீட்டரை ஃபுல் சூட்டுல வச்சு, தண்ணி வெளியேறுற இடத்துல இருக்குற பிளீடர் போல்ட்டை லேசா திறந்து விட்டேன், முதல்ல புஸ் புஸ்னு காத்து, அப்புறம் நுரை, அப்புறம் தண்ணி ஒரே கோடா வந்துச்சு. ரெண்டு தடவை ரேடியேட்டர் ஃபேன் சுத்துற வரைக்கும் விட்டு மேல தண்ணி ஊத்தினேன். ஐடில் 900க்கு வந்து நின்னுச்சு. மிச்சம் இருந்த 150 ஒரு பழைய வேக்யூம் ஹோஸ் வெடிப்பு, மாத்துனதும் 750. மூணு மாசமா அந்தத் தம்பி அந்த ஐடிலோட ஜாம்ல நின்னிருக்காப்புல, காரணம் கொஞ்சம் காத்து.

ஸ்பார்க் எந்த நேரத்துல அடிக்குதுங்குற டைமிங்கும் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் புதுசு போட்டப்போ சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் பண்ணாம டைமிங் லைட் வச்சிருக்காங்க, அப்படி வச்சா இசியு தன் இஷ்டத்துக்கு நகர்த்திக்கிட்டே இருக்கும், நாம பார்க்குற அளவு உண்மை கிடையாது. பயணி பக்கம் டேஷ்போர்டு அடியில ரெண்டு முனை கனெக்டர், அதை ஒரு வயரால இணைச்சுட்டு பார்த்தா 21 டிகிரி இருந்துச்சு. பி16ஏவுக்கு 16 டிகிரி, பெரிய புல்லியில சிவப்பு கோடு. திருப்பி வச்சேன், அவ்வளவுதான். இன்ஜெக்டரும் அளந்தேன், 12 ஓம்ஸ் பக்கம். பழைய மாடல் சிலதுல 2 ஓம்ஸ் இன்ஜெக்டர் வரும், அதுக்கு தனியா ரெசிஸ்டர் பாக்ஸ் வேணும், இல்லன்னா இசியுவுக்கே ஆபத்து. ஆஃப்கட் எஞ்சின்ல யாரு எப்ப எதை மாத்தியிருப்பாங்கன்னு சொல்ல முடியாது, அதனால இதை எப்பவும் அளந்துடுவேன், ரெண்டு நிமிஷ வேலை.

அதே சர்வீஸ் கனெக்டரை இணைச்சுட்டு சாவி போட்டா செக் எஞ்சின் லைட்டு கண் சிமிட்டி கோடு சொல்லும். நீளமா எரிஞ்சா பத்து, குட்டியா எரிஞ்சா ஒன்னு. ரெண்டு நீளம் ரெண்டு குட்டி, 22. அப்புறம் ரெண்டு நீளம் மூணு குட்டி, 23. முதலாவது விடெக் பிரஷர் சுவிட்ச், ரெண்டாவது நாக் சென்சார், எஞ்சின் உள்ள தட்டுற சத்தத்தைக் கேக்குறது.

இந்தக் காடியில இருந்த பழைய டி சீரீஸ் எஞ்சினுக்கு விடெக் கிடையாது, அதனால காடியோட வயரிங்கல இந்த வயருங்களே இருக்காது, பி16ஏவுக்கான பி30 இசியு போட்டதும் மூணு வயர் தனியா இழுக்கணும். இசியுவோட ஏ4 முனையில விடெக் சோலனாய்டு (விடெக்குக்கு ஆயிலைத் திறந்து விடுற மின் வால்வு), டி6ல பிரஷர் சுவிட்ச், டி3ல நாக் சென்சார். மூணும் சரியான முனையில இருந்துச்சு, அந்த விஷயத்துல போட்டவங்க கவனமாத்தான் போட்டிருக்காங்க. முதல்ல ஆயில் ஸ்டிக்கைப் பார்த்தேன், ஆயில் குறைஞ்சாலும் 22 வரும். ஆயில் சரி. சோலனாய்டு 17 ஓம்ஸ், 14ல இருந்து 30 வரைக்கும் ஓகே, நேரா 12 வோல்ட் கொடுத்தா டக்குனு அடிக்குது. சோலனாய்டை கழட்டி அடியில இருக்குற ஃபில்டர் வலையைப் பார்த்தேன், கொஞ்சம் அழுக்கு, கேஸ்கட்டோட மாத்திட்டேன், ஆனா அடைக்குற அளவுக்கு இல்ல.

பிரஷர் சுவிட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா மீதி சுலபம். எஞ்சின் நிக்கும்போது சுவிட்ச் மூடி இருக்கும், டி6ஐ எர்த்தோட இணைக்கும். விடெக் அடிச்சு ஆயில் பிரஷர் ஏறுனா சுவிட்ச் திறக்கும். இசியு ரெண்டு நிலையையும் பார்க்கும், சும்மா இருக்கும்போதே எர்த் வரலன்னா "நான் சொல்லாமலே பிரஷர் ஏறியிருக்கு"ன்னு பயந்து விடெக்கை மூடிடும், அது சரிதான், எஞ்சினைக் காப்பாத்துறதுக்கு. நான் எஞ்சின் நிப்பாட்டி டி6 வயருக்கும் பிளாக்குக்கும் அளந்தேன், திறந்திருக்கு. சுவிட்ச் உள்ள மட்டும் அளந்தா மூடித்தான் இருக்கு. அப்ப சுவிட்ச்சோட எர்த் வயர். அது எங்க போகுதுன்னு பார்த்தா ஃபயர்வால்ல ஒரு போல்ட்டு, அடியில வெள்ளை பெயிண்டு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துச்சு, ஒரு ரிங்கு மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாண்ட்பேப்பர் தேய்ச்சிருந்தா போதும். வயரை எஞ்சின் தலைக்கே கொண்டு வந்து மாட்டினேன்.

நாக் சென்சார் வேற மாதிரி. அது கொடுக்குற சிக்னல் ரொம்ப சின்னது, அதனால மேல கம்பி வலை சுத்துன ஷீல்டு வயர்தான் போடணும். இவங்க சாதாரண வயரை பிளக் கேபிள் பக்கத்துலயே கட்டி இழுத்திருக்காங்க, ஸ்பார்க் அடிக்குற ஒவ்வொரு தடவையும் அதுல சத்தம் ஏறும். ஷீல்டு வயர் போட்டு ஷீல்டை இசியு பக்கத்துல மட்டும் எர்த் பண்ணினேன். 7.5 ஆம்ஸ் பேக்கப் ஃபியூஸை பத்து செகண்டு எடுத்து கோடை அழிச்சுட்டு சாயங்காலம் ரோட்டுக்குப் போனோம், 5,500 தாண்டுனதும் சத்தம் மாறி இழுத்துச்சு. தம்பி ஒன்னும் பேசல, ஸ்டீரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இருந்தாப்புல.

கடைசியா வெயில்ல ஸ்டார்ட் ஆகாதது. இதுல நான் ரெண்டு நாள் தப்பான இடத்துல தேடினேன், அதையும் சொல்லிடுறேன். சூட்டுல செத்து குளிர்ல உயிர் வருதுன்னா டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள ஸ்பார்க்கை உண்டாக்குற இக்னிட்டரும் காயிலும்தான்னு முதல்ல நினைச்சேன், அது ஹோண்டாவுல அடிக்கடி பார்க்குறது. ஹேர் டிரையர் வச்சு டிஸ்ட்ரிபியூட்டரை நல்லா சூடாக்கினேன், ஒன்னும் ஆகல. என் கடை கூரைக்கு அடியில நிழல், அங்க கோளாறு வரவே மாட்டேங்குது. வராத கோளாறை எப்படிப் பிடிக்கிறது? தம்பியை வேலைக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லி, நின்னா தொடாம எனக்கு போன் அடின்னு சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ரெண்டு மணிக்கு போன். "அண்ணே, நின்னுருச்சு, ஷா ஆலாம்ல வெட்டவெளி பார்க்கிங்."

"ரேடியோவ நிறுத்து, புளோவரை நிறுத்து. சாவியை ஆன் மட்டும் பண்ணு, ஸ்டார்ட்டர் அடிக்காத. செக் எஞ்சின் லைட்டு எரிஞ்சு அணையுதா?"

"ரெண்டு செகண்டு எரிஞ்சு அணையுதுண்ணே."

"பின் சீட்டு பக்கம் காதை வச்சு கேளு, ங்ஙொய்னு ஒரு சத்தம் ரெண்டு செகண்டு வரணும்."

மூணு தடவை ஆன் ஆஃப் பண்ணாப்புல. "ஒரு சத்தமும் இல்லண்ணே."

பாதி வேலை போன்லயே முடிஞ்சுது. லைட்டு எரிஞ்சு அணையுதுன்னா இசியுவுக்கு கரண்டு வருது. பம்ப் சத்தம் இல்லன்னா ஸ்பார்க் பக்கம் போகவே வேணாம், பெட்ரோல்தான் வரல. நான் மோட்டோவை எடுத்துக்கிட்டு போயிட்டேன், குளிர்றதுக்குள்ள அளக்கணும். டேஷ்போர்டு அடியில மெயின் ரிலேன்னு ஒரு பெட்டி, உள்ள ரெண்டு ரிலே, ஒன்னு இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்டு கொடுக்கும், இன்னொன்னு பம்புக்கு. பம்ப் ரிலே காயிலோட எர்த்தை இசியுதான் கொடுக்கணும். சாவி ஆன் பண்ணவும் அந்த முனை 0 வோல்ட்டுக்கு இறங்குச்சு, காயிலோட மறுமுனைக்கு 12 வோல்ட் இருக்கு, ஆனா பம்புக்குப் போற முனையில ஒன்னும் இல்ல. ரிலே பெட்டியை விரலால தட்டினேன், ங்ஙொய்ன்னு பம்ப் ஓடுச்சு.

திறந்து பார்த்தா போர்டுல ஈயம் வச்ச ஒரு காலைச் சுத்தி முடி மாதிரி ஒரு வட்ட வெடிப்பு, பூதக்கண்ணாடி இல்லாம தெரியாது. 30 வருஷமா சூடாகி குளிர்ந்து சூடாகி குளிர்ந்து வெடிச்சிருக்கு, மூடுன காடி வெயில்ல நின்னா உள்ள இருக்குற சூட்டுல வெடிப்பு விரியுது, கதவைத் திறந்து வச்சா சுருங்கி ஒட்டிக்குது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டு எல்லா காலுக்கும் புது ஈயம் வச்சேன். இது எஞ்சின் மாத்துனதால வந்த கோளாறே கிடையாது, பழைய காடியோட பழைய கோளாறு, ஆனா எஞ்சின் மாத்துன சமயத்துல தலைகாட்டுனதால எல்லாரும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல பழியைப் போட்டாங்க, நானும் ரெண்டு நாள் அப்படித்தான் போட்டேன்.

கெரான் (காடியோட பதிவுச் சான்று) விஷயத்தையும் கேட்டேன். பி16ஏ 1,595 சிசி, 1,600க்குள்ள, அதனால ரோடு டெக்ஸ் 90 வெள்ளியோட நிக்குது, 1.8 லிட்டர் பி18 போட்டிருந்தா 200 வெள்ளியைத் தாண்டியிருக்கும். ஆனா எஞ்சின் நம்பரை இன்னும் மாத்தல. புஸ்பாகோம் (காடி சோதனை நிலையம்) இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சு ஜேபிஜேயில (சாலைப் போக்குவரத்து இலாகா) மாத்தாம ரோட்டுல ஓடுறது தப்பு, விபத்து ஏதாச்சும் ஆனா இன்சூரன்ஸ் கேக்குற முதல் கேள்வி அதுதான். தம்பி அதுக்கு அடுத்த வாரமே போயிட்டு வந்தாப்புல.

மூணு மாசம் கழிச்சு ஆயில் மாத்த வந்தப்போ கையில ஒரு மல்டிமீட்டர், புதுசா வாங்கியிருக்காப்புல. நான் கேக்கவே இல்ல, தானே இன்ஜெக்‌ஷன் ஃபியூஸை எடுத்துட்டு ஒரு முனையை பேட்டரி கம்பத்துலயும் இன்னொரு முனையை பிளாக்குலயும் வச்சுக்கிட்டு, கூட வந்த கூட்டாளியை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னாப்புல.

"0.13 அண்ணே."

நானும் எட்டிப் பார்த்தேன். 0.13தான்.